காகித வாரியம்

இந்தத் தொடரில் போன வாரம் கடைசியில் வீடே அதிர ஒரு கதவு சாத்தப்பட்டதே, அதைச் சாத்தியது நான்தான். இன்னும் கோபம் தணியவில்லை. தணிய விடுகிற மாதிரியும் இல்லை.

உங்களுக்கு நடுவில் ஒரு வாரம் ஓடிவிட்டது, எங்களுக்கு ஒரே ராத்திரிதான். மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு ஓர் அட்டை மில் இருக்கிறது. பழைய பேப்பரை ஊறவைத்து, அரைத்து, அழுத்தி, காயவைத்து அட்டையாக்கி விற்கிறோம். அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பாள், வீட்டுக்குள் வந்தால் தன் வாயைத் திறக்கமாட்டாள். அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், வணிகத் துறையில் புள்ளிவிவர அதிகாரி. இரண்டு பேரும் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள்.

அத்தான் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். நம் நாடும் பக்கத்து நாடும் இருபது வருஷமாகக் காகிதத்தையும் அட்டையையும் எவ்வளவு விற்றன, எவ்வளவு வாங்கின என்று ஒப்பிட்டுப் பார்க்கிற புத்தகம். முகப்பில் இரண்டு கோடுகள். பக்கத்து நாட்டுக் கோடு ஏறிக்கொண்டே போகிறது. நம் கோடு பாதி வழி வரை கூடவே ஏறி, ஒரே வருஷத்தில் தொபுக்கென்று விழுகிறது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே ஒரு வரி: 'நம் நாட்டில் அட்டை ஏற்றுமதி ஏறத்தாழ நின்றுவிட்டது.'

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு கமிட்டி கூடப்போகிறது. நம் நாட்டில் அட்டைத் தொழிலே இல்லை, பக்கத்து நாட்டு அட்டைக்கு எதற்கு இறக்குமதி வரி, எடுத்துவிடலாம் என்று முடிவு செய்யப்போகிறார்கள். வரி போனால் அவர்களுடைய வெள்ளை அட்டை மலிவு விலைக்கு வந்து குவியும். எங்கள் சாம்பல் அட்டையை பெட்டி செய்கிற யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அப்பா புத்தகத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "மாப்பிள்ளையே எழுதிட்டார். அப்புறம் என்ன?" என்றார். தெரிந்த குடோன்காரர் ஒருவருக்குப் போன் போட்டு, மில்லை வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்குச் சாயங்காலம் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். அப்போதுதான் நான் கதவைச் சாத்தினேன்.

அந்த நாளைதான் இன்று. கமிட்டி கூடுவதும் இன்று மதியம்தான். எல்லாம் ஒரே நாளில் வந்து தொலைந்திருக்கிறது.

*

காலையில் அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சொந்த மில்லைத் தூக்கிக் கொடுக்கிறதுக்கு இஸ்திரி போட்ட சட்டை ஒரு கேடா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா, நம்ம மில்லு ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"அட்டை போகுதா இல்லையா?"

"போகுது."

"அப்புறம் நின்னுடுச்சுன்னு அச்சடிச்சு வச்சிருக்காரே, அதை ஏன் கேட்கமாட்டேங்கிறீங்க?"

"சின்னவளே, நம்ம மில்லு ஒன்னு. அவர் பார்க்கிறது நாடு முழுக்க. மத்தவங்கெல்லாம் எப்பவோ இழுத்து மூடிட்டாங்க போலிருக்கு. நாம ஒருத்தர் மட்டும் மிச்சம்னா, நமக்காக யாரு வரியை வச்சிருப்பாங்க?"

"அதை அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. "மாப்பிள்ளைகிட்டயா? அவர் வேலையைப் பத்தியா?"

இதுதான் எங்கள் வீட்டு வியாதி. மாப்பிள்ளையை யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது. எட்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில் அத்தான், மாமனாரிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று, "உங்க போர்டுல எத்தனை பேர் மாமா?" என்று கேட்டார். மில்லில் நாங்கள் அட்டையைப் போர்டு என்றுதான் சொல்வோம். போர்டு போயாச்சா, போர்டு காய்ஞ்சுதா, போர்டு வளைஞ்சுபோச்சு. தினம் சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சு. அதைக் கேட்டுக் கேட்டு, பெரிய கம்பெனிகளில் இருக்குமே, நிர்வாகக் குழு, அது எங்களுக்கும் ஒன்று இருக்கிறது என்று பாவம் நினைத்துவிட்டார்.

அப்பாவுக்குப் புரிந்தது. ஆனால் மாப்பிள்ளையைத் திருத்தலாமா? "பன்னிரண்டு பேர், மாப்பிள்ளை" என்றார். அது போர்டு மெஷினில் நிற்கிற ஆட்களின் எண்ணிக்கை! அத்தான் மரியாதையாகத் தலையை ஆட்டினார். அக்கா தட்டைப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு வேடிக்கை. அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மில்லுக்குள் ஒரு நாள் வருகிறேன் என்று அவர் கேட்டதுண்டு. அப்பா விடவில்லை. "ஒரே தூசி, மாப்பிள்ளை. சட்டை பாழாயிடும்."

பாழாகக் கூடாத அந்தச் சட்டையோடு அத்தான் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பை.

"என்ன மில்லு, இன்னும் கோபமா?" என்னை அவர் மில்லு என்றுதான் கூப்பிடுவார்.

"எனக்கென்ன கோபம்? நின்னுபோன மில்லுக்குப் போய், நின்னுபோன மெஷினைத் துடைச்சு வச்சுட்டு வரேன்."

"கணக்குல என்ன இருக்கோ அதைத்தானே நான் எழுத முடியும்? சொந்தக்காரங்கன்னு கூட்டி எழுதச் சொல்றியா?"

இதில் எரிச்சல் என்னவென்றால், மனுஷர் யோக்கியர். கூட்டியும் எழுதமாட்டார், குறைத்தும் எழுதமாட்டார். திருடனாக இருந்தால் நாலு வார்த்தை நன்றாகத் திட்டியிருக்கலாம்.

அக்கா வழக்கம்போல வாயைத் திறக்காமல் அவருக்கு டீயை நகர்த்தி வைத்தாள். நான் புத்தகத்தை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

*

மில்லுக்குள் நுழைந்தால் முதலில் ஈரப் பேப்பர் வாடை அடிக்கும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அதுதான் பசியைக் கிளப்பும். கூழ்த் தொட்டி சுற்றிக்கொண்டிருந்தது. உருளைகளில் நீராவி சீறியது. அந்தக் கோடியில் அட்டை விளிம்பு வெட்டுப்பட்டு, சதுரம் சதுரமாக வந்து அடுக்கில் விழுந்தது. வாசலில் லாரி. அதில் ஏறிக்கொண்டிருந்தது அத்தனையும் புத்தகம் பைண்டு பண்ணுகிறவர்கள் கேட்கிற கெட்டி அட்டை. எங்கே போகிறது? பக்கத்து நாட்டுக்கு! மாசா மாசம் போகிறது. வெள்ளை அட்டை அவர்கள் நமக்கு விற்பார்கள், கெட்டி அட்டை நம்மிடம் வாங்குவார்கள். பல வருஷமாக இப்படித்தான்.

"லாரியில இருக்கிறது என்ன?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"என்னம்மா இது, போர்டுதான்."

"கண்ணால பார்க்கிறீங்கல்ல?"

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் அவர்.

என் அறைக்குள் போய்ப் புத்தகத்தை விரித்தேன். நேற்று நான் முகப்புக் கோட்டை மட்டும்தான் பார்த்திருந்தேன், அதற்கே ரத்தம் கொதித்துவிட்டது. இப்போது பின்னால் இருந்த அட்டவணைகளுக்குப் போனேன். இடது பக்கம் பக்கத்து நாடு. வலது பக்கம் நாம்.

பக்கத்து நாடு வாங்கியவை என்று ஒரு பகுதி. அதில் நம்மிடமிருந்து வாங்கிய அட்டை. வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே இருந்தது. கண்ணை அப்படியே வலது பக்கம் கொண்டுபோனேன். நாம் விற்றவை. அட்டை என்ற இடத்தில் பாதி வருஷங்கள் வரைக்கும் எண்கள், அப்புறம் வெறும் கோடு. கோடு, கோடு, கோடு.

அவங்க வாங்கியிருக்காங்க, நாம விக்கலையாம்! அப்ப நடுவுல அந்த அட்டை ஆகாயத்துலேருந்தா குதிச்சுது? ஒரே புத்தகம், எதிரெதிர்ப் பக்கம். புத்தகத்தை மூடினால் இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று முத்தம் கொடுத்துக்கொள்கிற தூரம். இதை எழுதினவர் பார்க்கவில்லை, அச்சடித்தவர் பார்க்கவில்லை, கமிட்டி போடுகிறவர்களும் பார்க்கவில்லை!

நம் கோடு விழுந்த வருஷம் எது என்று பார்த்தேன். அது எங்கள் இரண்டாவது மெஷின் வந்த வருஷம். அப்பா ராத்திரி பகலாக நின்று ஓட்டிப் பார்த்து, முதல் அட்டை வெளியே வந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அதைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்ட வருஷம். அந்த வருஷம்தான் நாங்கள் செத்துப்போனோம் என்று போட்டிருக்கிறது.

அட்டவணைக்கு அடியில், அந்த வருஷத்துக்கு நேராகப் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தேன்.

'இவ்வாண்டு முதல் மூலப் பட்டியல்களில் காணப்படும் காகித வாரியம் அரசு அமைப்பு என்பதால், விதிப்படி அதன் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.'

காகித வாரியமா?

மின் வாரியம் எனக்குத் தெரியும், மாசத்துக்கு ரெண்டு தடவை மின்சாரத்தை நிறுத்தி உயிரை எடுக்கும். குடிநீர் வாரியம் தெரியும், கூழ்த் தண்ணீரைக் காரணம் காட்டி உயிரை எடுக்கும். மில் நடத்துகிறவள் வீட்டு வாசலுக்கு வராத வாரியம் உண்டா? ஆனால் காகித வாரியம் என்று ஒன்று இதுவரை வந்து என்னிடம் ஒரு டீ கூடக் குடித்ததில்லை.

வாய்விட்டு ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "காகித வாரியம். காகித... பேப்பர்... வாரியம்... போர்டு."

பேப்பர் போர்டு.

முதலில் சிரிப்புதான் வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வெளியே இருந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் சிரிப்பு நின்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபத்தில். அட்டையை வாரியம் ஆக்கிவிட்டார்கள். அப்புறம் அந்த வாரியத்தைக் கிழித்துத் தூரப் போட்டுவிட்டார்கள். நாடு முழுக்க எத்தனை மில்லு, எத்தனை மெஷின், எத்தனை குடும்பம்! ஒரே வார்த்தையில் எல்லாம் காலி.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பல்லு பிடுங்குறதை நிறுத்திட்டு உன் வீட்டுக்காரர் ஆபீசுக்கு வா."

"என்னடி ஆச்சு?"

"வாடின்னா வா."

*

அத்தானுடைய அலுவலகம் ஒரு நீளமான கூடம். மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் ஒரு மனுஷர், யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றதும் அத்தான் பதறி எழுந்தார்.

"மாமாவுக்கு ஏதாவது...?"

"மாமாவுக்கு ஒன்னுமில்லை, இன்னும் கொஞ்ச நேரத்துக்கு. இது என்ன அத்தான்?" புத்தகத்தை விரித்து அந்தக் குறிப்பில் விரலை வைத்தேன்.

"காகித வாரியம். அதை எடுத்துட்டேன். அரசு அமைப்பு வாங்குறது விக்கிறதைச் சேர்த்தா ரெண்டு தடவை கணக்காயிடும். அதான் விதி."

"அந்த வாரியம் எங்கே இருக்கு?"

"எங்கேன்னா? பட்டியல்ல இருக்கு."

"எந்தத் தெருவுல இருக்கு? வாசல்ல பலகை மாட்டியிருக்கா? அதுக்கு ஒரு தலைவர் இருப்பாரே, அவர் பேரென்ன?"

அத்தான் விழித்தார். "முன்னாடியெல்லாம் சுங்கத்துலேருந்து கையால எழுதின பட்டியல் வரும். அந்த வருஷத்துலேருந்து எல்லாம் கம்ப்யூட்டர். இங்கிலீஷ்ல இருக்கிறதை அதுவே தமிழ்ல மாத்தி அனுப்பிடுது. அதுல அட்டைங்கிற வரியே நின்னுபோச்சு. இந்த வாரியம் புதுசா வந்துச்சு. நான்..."

"அட்டை காணாமப்போன அதே வருஷம் வாரியம் வந்துச்சு. ரெண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும்னு தோணலையா அத்தான்?"

அப்போதும் அவருக்கு எட்டவில்லை. அக்காதான் குனிந்து, பல் வலிக்காரரிடம் பேசுகிற மாதிரி மெல்ல ஆரம்பித்தாள்.

"நம்ம வீட்டுல என்ன தயாரிக்கிறாங்க?"

"அட்டை."

"அப்பா அதை என்னன்னு சொல்வார்?"

"மாமாவா? மாமா எப்பவும் போர்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். புத்தகத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "போர்டுன்னா... அந்தப் பன்னிரண்டு பேர்?"

"மெஷின்ல நிக்கிறவங்க" என்றேன். "எட்டு வருஷமா!"

அத்தான் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கே ஒரு நொடி பாவமாக இருந்தது. ஒரு நொடிதான்.

சத்தம் கேட்டு அவருடைய டைரக்டர் அம்மா வந்தார். நல்ல உடை, நல்ல செருப்பு, நல்ல குரல். விஷயத்தைக் கேட்டார். கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். தப்பு என்று அவருக்கும் தெரிந்துவிட்டது, அந்தப் புருவமே சொன்னது.

"வருத்தமான விஷயம்தான். அடுத்த பதிப்புல திருத்தம் போட்டுடலாம்."

"அடுத்த பதிப்பு எப்ப மேடம்?"

"அடுத்த வருஷம்."

"அதுவரைக்கும் எங்க மில்லு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குமா? இன்னைக்குக் கமிட்டி வரியை எடுக்கப்போகுது. இன்னைக்கு எங்கப்பா மில்லைக் கொடுக்கப்போறார். நீங்க அடுத்த வருஷம் பொடி எழுத்துல ஒரு வரி போடுவீங்களா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க. அமைச்சர் கையால வெளியிட்ட புத்தகம் இது. வெளியான மறுநாளே தப்புன்னு சொன்னா துறையோட மரியாதை என்னாகும்?" அவர் அத்தான் பக்கம் திரும்பினார். "வாங்க. கமிட்டி காத்துக்கிட்டிருக்கு. படத்தைக் காட்டிட்டு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வந்துடலாம்."

துறையின் மரியாதையாம்! வீட்டில் மாப்பிள்ளை மரியாதை, இங்கே துறை மரியாதை. இந்த மரியாதை என்கிற வார்த்தைக்குப் பயந்து பயந்தே நாங்கள் இந்தக் கதிக்கு வந்திருக்கிறோம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் தன் புருஷனிடம். கூடத்தில் எல்லோரும் தட்டுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். "எட்டு வருஷமா உங்களை நம்ம வீட்டுல யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. இன்னைக்கு ஒன்னே ஒன்னு கேட்கிறேன். தப்புன்னு தெரிஞ்சப்புறமும் உள்ளே போய் அந்தக் கோட்டைக் காட்டப்போறீங்களா?"

அத்தான் பையை எடுத்துக்கொண்டு டைரக்டர் அம்மா பின்னால் நடந்தார். லிஃப்ட் கதவு மூடுகிற வரைக்கும் அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டார்டி" என்றாள் அக்கா.

"போகட்டும்" என்றேன் நான். "நீ அப்பாவைக் கூப்பிடு."

அப்பா போனை எடுக்கவில்லை. சார்ஜில் போட்டுவிட்டு வேறு அறையில் இருப்பார். அவர் அப்படித்தான். உலகமே இடிந்து விழுந்தாலும் போன் மட்டும் முழு சார்ஜில் இருக்கும்.

*

நாங்கள் வீட்டுக்குள் ஓடியபோது குடோன்காரர் ஏற்கெனவே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பத்திரம் மேஜையில் இருந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா, கையில் பேனா. மூடி கழற்றியாகிவிட்டது.

"அப்பா, வையுங்க பேனாவை!"

மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். வாரியம், போர்டு, அட்டவணை, குறிப்பு. பக்கத்து நாட்டுப் பக்கத்தையும் நம் பக்கத்தையும் விரித்துக் காட்டினேன். அப்பா கேட்டார். முழுசாகக் கேட்டார். கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா?

"இதை மாப்பிள்ளை சொன்னாரா?"

"நான் சொல்றேனே!"

"அவர் எழுதினது. தப்புன்னா அவர்தான் சொல்லணும். நீ சொல்லி நான் அதை எடுத்துக்கிட்டா, அவரை நான் மதிக்கலைன்னு ஆயிடும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேஜையைத் தூக்கிப் போட்டிருப்பேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

குடோன்காரர்தான் சமாதானம் பேசினார். நல்ல மனுஷர், அதைச் சொல்லத்தான் வேண்டும். "அவசரமே இல்லை அண்ணே. மெதுவா யோசிச்சுப் போடுங்க. நானும் இந்த வேதனையைப் பட்டவன்தான். மரத்தூளை அழுத்திப் பலகை செஞ்சுக்கிட்டு இருந்தேன், உங்களுக்குத் தெரியும். போன வருஷம் மரத்துக்கு ஒரு புத்தகம் வந்துச்சு. நம்ம நாட்டுல இந்தத் தொழிலே இல்லைன்னு வரியை எடுத்துட்டாங்க. ஆறே மாசத்துல கூரையை மட்டும் வச்சுக்கிட்டுக் குடோனாக்கிட்டேன். இப்ப நிம்மதியா இருக்கேன்." நிம்மதி என்று சொல்கிறபோது அவர் யாரையும் பார்க்கவில்லை.

அப்பா பேனாவைத் தாளில் வைத்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் இல்லை, ஷூ சத்தம். ஷூவோடு எங்கள் கூடத்துக்குள் யாரும் வருவதில்லை. அத்தான் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை முதுகுப் பக்கம் போயிருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது.

நேராக அப்பா முன்னால் வந்து நின்றார். "மாமா, ஒன்னு கேட்கணும். போர்டுன்னா என்ன?"

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். எட்டு வருஷப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

"சொல்லுங்க மாமா. என்னைத் திருத்துங்க."

"அட்டை, மாப்பிள்ளை" என்றார் அப்பா. "வெறும் அட்டைதான். பன்னிரண்டு பேர்னு சொன்னேனே, அது மெஷின்ல நிக்கிறவங்க. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு அன்னைக்குச் சொல்லலை."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும் மாமா." என்றார் அத்தான். "தப்பு என்னுது. கமிட்டி முன்னாடி எழுந்து நின்னு சொல்லிட்டேன். அந்தக் கோடு விழவே இல்லைன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?" என்று நான் கத்தினேன்.

"முடிவைத் தள்ளி வச்சிருக்காங்க. என்கிட்ட எழுத்துல விளக்கம் கேட்டிருக்காங்க. டைரக்டர் மேடம் என் முகத்தைப் பார்க்கலை." அவர் அக்காவைப் பார்த்தார். "காட்டலை. அந்தக் கோட்டை நான் காட்டலை."

அக்கா போய் அவர் அடையாள அட்டையை முன்பக்கம் திருப்பிவிட்டாள்.

அப்பா பேனாவை மூடினார். டக்கென்று அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்தேன், அழுதேன், அப்பாவின் இஸ்திரிச் சட்டையைக் கசக்கினேன். "அத்தான், நாளைக்கு மில்லுக்கு வரீங்க. சட்டை பாழாகட்டும்!" என்றேன். அப்பாகூட மறுப்புச் சொல்லவில்லை. "மன்னிச்சுக்குங்க, உங்களை வீணா அலைய வச்சுட்டோம்" என்று குடோன்காரர் பக்கம் திரும்பினார்.

குடோன்காரர் பத்திரத்தை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு மடிப்பு மடித்தார், நீவினார், அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி" என்று அத்தானைக் கூப்பிட்டார். "அந்த மரப் புத்தகமும் நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க."

"அதுலயும் இந்த மாதிரி வாரியம் ஏதாவது இருந்துச்சா?"

அத்தான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். யோக்கியர் என்று சொன்னேனே, அந்த யோக்கியம் இப்போது அவரைக் காப்பாற்றவில்லை.

"மர வாரியம்னு ஒன்னு இருந்துச்சு" என்றார். "எடுத்துட்டேன்."

குடோன்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மடித்த பத்திரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு, எழுந்தார்.

"எங்க போர்டுல அறுபது பேர் இருந்தாங்க, தம்பி."